சிவப்பு நூல் கட்டிய ஐஸ் பெட்டி

லாஸ் வேகாஸுக்குப் போய், கொண்டுபோன பணத்தோடு திரும்பி வந்தவர் ஹவாயின் வைப்பாஹு ஊரில் யார் என்று கேட்டால், டோரீன் அஷிமினே என்று சொல்லிவிட்டு ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் பாதி பொறாமை. மற்றவர்கள் கைப்பணத்தை ஸ்லாட் மெஷினுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, திரும்பும் விமானத்தில் பேயறைந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். டோரீன் மட்டும் ஓட்டல் சோப்பு, ஓட்டல் ஷாம்பு, காசினோவில் சும்மா கொடுத்த பனியன், தொப்பி எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு, ஹவாய் வந்து சேரும்வரை குறட்டை விடுவாள்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று புருஷன் வீட்டுச் சொந்தமெல்லாம் அவளைப் பற்றிப் பேசும். அவளுக்கும் அது தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிற ஜாதி அவள். ஊரோடு சேர்ந்து எடுக்கும் பேக்கேஜ் டூரில் விமானம், ஓட்டல் அறை, மூன்று வேளைச் சாப்பாட்டுக் கூப்பன் எல்லாம் அடக்கம். அதற்குமேல் ஒரு டாலர் செலவு செய்வதும் அவளுக்குத் தோல்விதான். பெட்டிக்குள் ரைஸ் குக்கர் வரும். ரைஸ் குக்கருக்குள் காலுறைகள் வரும். டாக்ஸியில் ஏறியதே கிடையாது, முதியோர் சலுகையில் டவுன் பஸ்தான். தாகமெடுத்தால் ஒரு ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அதை ஆராய்ச்சி செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள். விளையாடுகிறவர்களுக்குப் பழரசம் இலவசம். தட்டோடு பெண் வரும்போது மட்டும் ஒரு பொத்தானை அமுக்குவாள். புருஷன் ஹெர்மன் பக்கத்து மெஷினில் கூச்சத்தில் நெளிவார்.

"அந்தப் பொண்ணு உன்ன போன வருஷமே பாத்து வச்சிருக்கா டோரீன்."

"பாக்கட்டும். நல்லா வளர்ந்திருக்கான்னு நானும்தான் அவளப் பாத்தேன்."

இந்த வருஷப் பயணம் வேறு மாதிரி. மகள் ஷாரி லாஸ் வேகாஸில்தான் இருக்கிறாள். வைப்பாஹுவில் இரண்டு அறை வீட்டு வாடகைக்கு இரண்டு பேர் சம்பளமும் காணாது என்று, கல்யாணமான கையோடு புருஷன் கிரெக்கைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். தெருவுக்குத் தெரு நம் பிள்ளைகள் அப்படிப் போனதுதான். எட்டுத் தீவு நமக்கு, பாலைவனத்தில் கிடக்கும் அந்த ஊர் ஒன்பதாவது தீவு என்று ஆகிவிட்டது. ஷாரிக்கு அங்கே பிறந்த பையன் கெயோலாவுக்கு வருகிற சனிக்கிழமை ஒரு வயது நிறைகிறது.

நம் ஊரில் கல்யாணத்தைக்கூட ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்துக்கொள்ளலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாளை அப்படி முடிக்க முடியாது. வீட்டை அடமானம் வைத்தாவது ஊரைக் கூட்டிப் பன்றிக்கறியும் சேப்பங்கிழங்குக் கூழும் போட்டால்தான் பெற்றவள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். டோரீன் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் போன மாதம் மகளுக்குப் போன் போட்டாள்.

"சின்னதா செய்யறோம்மா," என்றாள் ஷாரி. "பன்னெண்டு பேர். பக்கத்துப் பார்க்ல ஷெட்டு எடுத்திருக்கோம். பீட்சா, கேக்கு. அவ்ளோதான் எங்களால முடியும்."

"முதல் வருஷத்துக்குப் பீட்சாவா?"

"அம்மா, கார்டுல ஏற்கெனவே கழுத்து வரைக்கும் இருக்கு. அப்புறம் ஒண்ணு. கிரெக்கோட அம்மா ஒஹாயோலேர்ந்து வராங்க. தயவுசெஞ்சு டேப்பு சுத்தின பெட்டியெல்லாம் தூக்கிட்டு வராத. ரைஸ் குக்கரும் வேண்டாம். ஒரே ஒரு தடவ சாதாரணமா வாயேன்."

டோரீன் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றாள். நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. மகளுக்குத் தன்மேல் உள்ள பழைய வெட்கம் அவளுக்குத் தெரியாததல்ல. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில்தான் ஷாரியின் மதியச் சாப்பாடு பள்ளிக்குப் போகும். சினிமாவுக்குப் போனால் அம்மாவின் கைப்பையிலிருந்து சோற்றுருண்டை வரும், பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சோற்றுருண்டைதான் இவளைக் காலேஜ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று டோரீன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அன்றே முடிவு செய்தாள். பேரனுக்கு விருந்து நடக்கும், நம் ஊர் விருந்து. ஷாரியின் கார்டில் ஒரு டாலரும் ஏறாது. யாரிடமும் போய்க் கை நீட்டுவதுமில்லை.

விலை இறங்கிய நாளாகப் பார்த்துப் பன்றித் தொடையாக வாங்கி, உப்பும் வாழையிலையும் போட்டு இரவெல்லாம் வேகவைத்து, உதிர்த்து, பையில் கட்டி உறையவைத்தாள். பேக்கேஜில் ஆளுக்கு இரண்டு பெட்டி விமானத்தில் சும்மா போகும். இரண்டு பேருக்கு நான்கு. மூன்று ஐஸ் பெட்டிகள், நான்காவதில் இருவரின் துணி. தன் நல்ல சட்டை ரைஸ் குக்கருக்குக் கீழே நசுங்கிக் கிடப்பதைப் பார்த்து ஹெர்மன் பெருமூச்சு விட்டார். பெரிய பெட்டியில் கறி முழுவதும். சிறியவை இரண்டிலும் இலையில் மடித்த கறியும் தேங்காய்ப்பால் இனிப்பும். மூன்றுக்கும் சாம்பல் நிற டேப்பைச் சுற்றி, அடையாளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள். பெயர் எழுதவில்லை. சிவப்பு நூலே போதும் என்று நினைத்தாள். ஹவாய்க்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் சாமான் வரும் பட்டையில் பாதி ஐஸ் பெட்டிகள்தான் சுற்றின. டோரீன் சிவப்பு நூலாகப் பார்த்து மூன்றைத் தூக்கினாள். ஓட்டலில் நடைவழி மெஷினிலிருந்து இலவச ஐஸ் அள்ளி வந்து சிறிய பெட்டிகளை நிரப்பினாள். பெரியதைத் திறக்கவில்லை, திறந்தால் குளிர் போய்விடும். வெள்ளிக்கிழமை மதியம் கிரெக் காரில் வந்து அவர்களையும் மூன்று பெட்டிகளையும் வீட்டுக்கு ஏற்றிப்போனான்.

ஷாரி வாசலில் நின்று டேப் சுற்றிய பெட்டிகளைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஆனாலும் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வழி விட்டாள்.

"சொன்னா கேக்கவே மாட்டல்ல நீ."

"திறந்து பாரு, அப்புறம் திட்டு," என்று டோரீன் கத்தரிக்கோலால் டேப்பை அறுத்து, பெரிய பெட்டியின் மூடியைக் கம்பீரமாகத் தூக்கினாள்.

உள்ளே பன்றிக்கறி இல்லை. சேப்பங்கிழங்குக் கூழ் இருந்தது. பை பையாக, ஊதா நிறத்தில், மேலிருந்து அடிவரை வெறும் கூழ். ஒவ்வொரு பையிலும் ஹவாயின் இன்னொரு தீவிலுள்ள ஹீலோ ஊர்க் கடையின் முத்திரை.

ஹெர்மன் எட்டிப் பார்த்தார். "இது நம்முது இல்லையே."

"அது தெரியாமத்தான் நிக்கறேனா?"

பெட்டி மாறிவிட்டது. அதே அளவு, அதே டேப், அதே சிவப்பு நூல். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. டோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷாரி கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கத்தவில்லை, களைத்துப் போனவள் மாதிரிப் பேசினாள்.

"விடும்மா. கிரெக்கோட அம்மா லிண்டா இன்னிக்குச் சாயங்காலம் வராங்க. ஊர் விருந்துன்னு கிரெக் ஏற்கெனவே சொல்லி வச்சுட்டான். வெறும் கூழ வச்சா நல்லாருக்காது. நாளைக்குக் காலைல கேட்டரிங் சொல்லிடறேன். கார்டுல போட்டுக்கலாம்."

"கார்டுல போடாத."

"வேற என்ன வழி?"

"நாளைக்குக் காலைல வரைக்கும் கையக் கட்டிட்டு இரு. அவ்ளோதான் கேக்கறேன்."

கூழ்ப் பெட்டியைக் கிரெக்கின் காரில் ஏற்றிக்கொண்டு டோரீனும் ஹெர்மனும் ஓட்டலுக்கு வந்தார்கள். பெட்டி ஹீலோக்காரர்களுடையது. அவர்களும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் இறங்கும் இதே ஓட்டலில்தான் இருப்பார்கள். ஆனால் எந்த அறையில்? வரவேற்பு மேசையில் கேட்டால், விருந்தாளிகள் விவரம் சொல்வதற்கில்லை என்று ஒரு பையன் பல் தெரியச் சிரித்தான். ஸ்லாட் மெஷின் வரிசையில் ஒவ்வொருவராகப் போய், "நீங்க ஹீலோவா?" என்று கேட்டுப் பார்த்தாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய் அது. நாலாவது ஆளிடம் கேட்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பழரசத் தட்டோடு வந்த பெண் தானாகவே ஒரு டம்ளரை நீட்டினாள். டோரீன் இன்று மெஷினில் உட்காரக்கூட இல்லை.

ஹெர்மன் தலையைச் சொறிந்தார். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"செருப்பப் பாத்தா தெரியுமே," என்றார்.

டோரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் சொன்னதிலேயே இதுதான் புத்திசாலித்தனமான பேச்சு என்று அவளுக்குப் பட்டது. நம் ஆட்கள் எங்கே போனாலும் செருப்பை வாசலில் கழற்றாமல் உள்ளே போகமாட்டார்கள். ஓட்டல் அறையானால் என்ன, அரண்மனையானால் என்ன? கூட்டமாக வந்தவர்கள் சாப்பிடுவதும் ஓர் அறையில் கூடித்தான்.

கீழ் மாடிகளை அவர் எடுத்துக்கொண்டார். மேல் மாடிகளை அவள் எடுத்துக்கொண்டாள். லிஃப்ட்டில் ஏறுவதும், கதவு திறந்ததும் தலையை நீட்டி நடைவழியின் இரண்டு பக்கமும் பார்ப்பதும், மறுபடி ஏறுவதுமாகப் போனாள். ஒரு மாடியில் இரண்டே ஜோடி, யாரோ கிழத் தம்பதி. இன்னொன்றில் பளபளத்த தோல் பூட்ஸ், டெக்ஸாஸ்காரராக இருக்கும். அதற்கும் மேலே ஒரு மாடியில் கதவு திறந்தபோது அவள் தேடியது கிடைத்தது. நடைவழிக் கம்பளத்தின் மேல், ஓர் அறை வாசலில், ரப்பர் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன, கோயில் திருவிழா வாசல்போல. கதவிடுக்கு வழியாகப் பன்றிக்கறி வாசம் வந்தது. அவளுடைய கறி. அவளுடைய வாழையிலை.

தன் செருப்பையும் அந்தக் குவியலில் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்குப் பெரிய மனிதர். நரைத்த தலை, பூப்போட்ட சட்டை, கையில் தட்டு. அவர்தான் சானி கபுனியாய், ஹீலோ கூட்டத்துக்குப் பெரியவர், கரும்பு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். யார், எவர், என்ன வேணும் என்று எதுவுமே அவர் கேட்கவில்லை.

"வாங்க ஆன்ட்டி, உள்ள வாங்க. சாப்பிட்டீங்களா?"

நம் ஊரில் எந்த வயதுப் பெண்ணும் எல்லோருக்கும் ஆன்ட்டிதான். பதில் சொல்வதற்குள் அவள் கட்டில் ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். மடியில் ஒரு காகிதத் தட்டு வந்தது. தட்டில் சோறு, சோற்றின் மேல் அவளுடைய பன்றிக்கறி. அறை முழுக்க ஆட்கள், கட்டில்மேல், தரையில், ஜன்னல் திட்டில். எல்லார் தட்டிலும் அதே கறி.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றார் சானி. "உப்பு காணுமா?"

டோரீன் ஒரு வாய் எடுத்து மென்றாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தானே போட்டேன்."

அறையில் மென்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. நாற்பது பேர் வந்த கூட்டம். பெட்டிகள் ஏராளம். நேற்றுச் சாயங்காலம் ஒரு பெட்டியைத் திறந்தார்கள், கறி இருந்தது. இது மேபல் கொண்டுவந்தது என்று சானி நினைத்தார். சானி கொண்டுவந்தது என்று மேபல் நினைத்தாள். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். கூழ்ப் பெட்டியை விமானக்காரன் தொலைத்துவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்கள். இது யாருடைய சாப்பாடு என்று கேட்பது நம் ஊரில் மரியாதையில்லை. அந்த மரியாதைதான் பெட்டியைப் பாதிக்குமேல் காலி செய்திருந்தது.

"எங்க மானமே போச்சு ஆன்ட்டி," என்றார் சானி. அந்தப் பெரிய உடம்பு குறுகிப்போனது. "யாருக்காகக் கொண்டுவந்தீங்க?"

டோரீன் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தாள். சொன்னால் கேட்பதுபோல் ஆகிவிடும். ஆனால் பொய் சொல்லவும் வரவில்லை.

"பேரனுக்கு. நாளைக்கு முதல் வருஷம்."

ஜன்னல் திட்டில் இருந்த மேபல் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். ஒரு கிழவர் வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்.

"எத்தன பேருக்கு விருந்து?" என்று சானி மெதுவாகக் கேட்டார்.

"பன்னெண்டு பேர். மிச்சம் இருக்கறதே போதும். நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம். உங்க கூழு என் ரூம்ல இருக்கு, வந்து எடுத்துக்கங்க. கணக்கு சரியாப் போச்சு."

"கணக்கு சரியாப் போகல ஆன்ட்டி. காலிப் பெட்டியத் திருப்பிக் குடுக்கற வழக்கம் எங்க வீட்ல கிடையாது. நாளைக்கு நாங்களே கொண்டுவந்து தரோம். விருந்து எங்க? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டாக்ஸி பிடிச்சு வந்துடறோம்."

டாக்ஸி என்ற சொல் காதில் விழுந்ததும் டோரீனுக்கு உடம்பெல்லாம் பதறியது.

"டாக்ஸியா? இத்தன பேருக்கா? அந்தக் காசுல ஒரு பன்னியே வாங்கலாமே. ஓட்டலுக்குப் பின்னாடி தெருவுல பஸ் ஸ்டாண்டு இருக்கு. கிழக்க போற பஸ்ல ஏறுங்க. முதியோர் பாஸ் கேளுங்க, சாதா டிக்கெட் எடுத்துடாதீங்க, ஏமாந்துபோயிடுவீங்க. பெரிய தண்ணித் தொட்டி வந்ததும் இறங்கினா எதிர்லயே பார்க்கு, அங்கதான் விருந்து. ஐஸ் பெட்டிய முன்னாடி சீட்டுக்குக் கீழ வச்சா டிரைவர் ஒண்ணும் சொல்லமாட்டான்."

ஒரு பெண் எல்லாவற்றையும் காகிதக் குவளையில் எழுதிக்கொண்டாள். டோரீன் தன் பெட்டியைத் தூக்காமல் விட்டுவந்ததும், நாற்பது பேரை விருந்துக்கு அழைத்துவிட்டதும் லிஃப்ட்டில் இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கிடைச்சுதா?" என்றார் கீழே காத்திருந்த ஹெர்மன்.

"கிடைச்சுது," என்றாள் டோரீன். "ஷாரி என்னக் கொல்லப்போறா."

சனிக்கிழமை பார்க் ஷெட்டில் ஷாரி நீல ரிப்பன் கட்டி, நான்கு மேசைகளுக்குக் காகித விரிப்புப் போட்டிருந்தாள். ஓரமாகப் பீட்சா டப்பாக்கள். நடுவில் கேக்கு. கிரெக்கின் அம்மா லிண்டா வெள்ளைக் கால்சட்டையும் முத்து மாலையுமாக, பெரிய பரிசுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்மணி. ஆனால் சிறிய இரண்டு ஐஸ் பெட்டிகளின் டேப்பை அவள் கண் அடிக்கடி தொட்டுவிட்டுப் போனது. அந்தக் கண் போகிற இடமெல்லாம் ஷாரியின் கண்ணும் பின்னாலேயே போனது.

"கறி எங்கம்மா?" என்று ஷாரி தாழ்ந்த குரலில் கேட்டாள். "பதினொரு மணிக்குள்ள சொன்னாத்தான் கேட்டரிங்காரன் எடுப்பான்."

"வரும்."

"யாரு கொண்டுவரா?"

டோரீன் வாயைத் திறப்பதற்குள் எதிரே டவுன் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. சானி ஒரு ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே மேபல். அவளுக்குப் பின்னால் டோரீன் அறையிலிருந்து எடுத்துவந்த கூழ்ப் பெட்டி, யுகுலேலே என்கிற குட்டி கிட்டார், வாழைத்தார் மாதிரிக் கையில் தொங்கும் பைகள், ரைஸ் குக்கர்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. ஓட்டலில் எந்த அறையில் எல்லாம் குக்கர் இருந்ததோ அத்தனையும் அன்று காலை சோறு வடித்திருந்தது. துண்டில் சுற்றிய குக்கரைப் பிள்ளைபோல அணைத்துக்கொண்டு கிழவிகள் வரிசையாகச் சாலையைக் கடந்தார்கள். பஸ் டிரைவர் கதவை மூடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

புல்தரை ஓரம் வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். ஷெட்டைச் சுற்றி ரப்பர் செருப்பு வேலி ஒன்று எழும்பியது.

லிண்டா எழுந்து நின்றுவிட்டாள். "ஷாரி, இவங்க எல்லாரும் யாரு?"

ஷாரி அந்தச் செருப்புகளைப் பார்த்தாள். குக்கர்களைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். டோரீன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

சானி நேரே ஷாரியிடம் வந்து பெட்டியை இறக்கினார். பெரிய பெட்டி, சிவப்பு நூல் கட்டியது.

"உன் பையனோட சாப்பாட்ட நாங்க தின்னுட்டோம்மா. உங்கம்மா ஒரு வார்த்தை திட்டல. கட்டில்ல உக்காந்து எங்களோட சாப்பிட்டுட்டு, எந்த பஸ்ல வரணும்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்படி ஒரு பொம்பளைய நான் பாத்ததில்ல."

மூடியைத் திறந்தார். அடியில் மீந்த பன்றிக்கறி. அதன் மேல் புகையிட்ட மீன், நூடுல்ஸ், பச்சை மீன் துண்டுகள், யாரோ தங்கைக்கென்று கொண்டுவந்த கருவாடு, யாரோ மருமகளுக்கென்று கொண்டுவந்த இனிப்பு. ஒன்பதாவது தீவில் இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்கென்று கடல் தாண்டி அவர்கள் தூக்கிவந்த அத்தனையும் அதில் இருந்தது.

ஷாரி குனிந்து அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"லிண்டா, இவங்க எங்க ஊர்க்காரங்க," என்றாள். "எங்கம்மா கூப்பிட்டாங்க. எங்க ஊர்ல முதல் வருஷம்னா இப்படித்தான் வருவாங்க."

கிரெக் பீட்சா டப்பாக்களை மேசைக்கடியில் தள்ளினான். கூழும் கறியும் ஒன்றாகச் சேர்ந்தன. மேபல் ஊதாக் கூழைச் சுண்டுவிரலில் தொட்டுக் கெயோலாவின் நாக்கில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தான், யோசித்தான், பிறகு அவள் விரலைப் பிடித்து இழுத்தான். ஷெட்டே ஆரவாரித்தது. வாசம் பிடித்து அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொரு குடும்பமாக வந்தார்கள். கூச்சத்தோடு வந்தவர்களைச் சானி கையைப் பிடித்து உட்காரவைத்தார். மதியம் சாய்வதற்குள் லிண்டாவின் முத்துமாலை கழுத்தில் இல்லை, யாரோ பூமாலை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கால்சட்டையில் கூழ் கொட்டியிருந்தது.

"டோரீன், இதுக்கெல்லாம் எவ்வளவு செலவாச்சு உங்களுக்கு?" என்று அவள் காதோடு கேட்டாள்.

"பஸ் டிக்கெட்," என்றாள் டோரீன். "முதியோர் பாஸ்."

வெயில் சாய்ந்ததும் ஹீலோக்காரர்கள் மீதியைப் பொட்டலம் கட்டி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். கூழ் வந்த அவர்கள் பெட்டி காலியாகிவிட்டது. டோரீன் அதைக் குழாயடியில் கழுவித் துடைத்து, சானியிடம் கொடுக்கப் போனாள். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். ஷாரி.

"நில்லும்மா. காலியாவா அனுப்புவ?"

"என்ன இருக்கு இங்க குடுக்க? பாலைவனம்."

ஷாரி பெட்டியை வாங்கிக்கொண்டு, கிரெக்கை இழுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து வீட்டுக்கு ஓடினாள். அவர்கள் வாடகை வீட்டின் பின்சுவரோரம் ஒரு மாதுளை மரம் உண்டு. தண்ணீர் ஊற்றாமலே காய்க்கும், தின்ன ஆளில்லாமல் உதிரும். திரும்பி வந்தபோது பெட்டி நிறைய மாதுளம்பழம், வெயிலில் வெடித்துச் சிவந்தவை. ஹீலோவின் ஓயாத மழையில் அப்படி ஒரு பழம் பழுக்காது. மேபல் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ப் பழம் ஆன்ட்டி," என்றாள் ஷாரி. இந்த ஊரை எங்க ஊர் என்று அவள் சொல்லி டோரீன் அன்றுதான் கேட்டாள்.

ஷாரி சாம்பல் நிற டேப்பை எடுத்து மூடியைச் சுற்றினாள். கத்தரிக்கோல் தேடவில்லை, பல்லால் கடித்து அறுத்தாள். பிள்ளையின் நீல ரிப்பனை அவிழ்த்துக் கைப்பிடியில் கட்டினாள். மறுபடி மாறிவிடக் கூடாது என்று மூடிமேல் பெரிய எழுத்தில் பேனாவால் எழுதினாள்: கெயோலா வீடு, ஒன்பதாவது தீவு.

காசினோ ஊரில் ஜெயித்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேரை டோரீன் பார்த்திருக்கிறாள். யாரைப் பார்த்தும் அவள் பொறாமைப்பட்டதில்லை, யார் மாதிரியும் பெருமைப்பட்டதுமில்லை. இன்றைக்குப் பட்டாள். நெஞ்சு கொள்ளாமல் நின்றாள்.

ஹெர்மன் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தார். "அழறியா டோரீன்?"

"யாரு அழறா?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரெண்டு சுத்து போதும், அவ பாரு, மூணு சுத்தறா. டேப்பு என்ன சும்மாவா வருது?"